கரானா என்றால் என்ன? சிதாரின் இரண்டு வீடுகள்

சிதார் கச்சேரியில் வாசிக்கத் தொடங்கும் முன் கலைஞர் ராகத்தின் பெயரைச் சொல்வார். சில சமயம் அந்த உருப்படி தனக்கு யாரிடமிருந்து கிடைத்தது என்றும் சொல்வார். மறைந்துபோன உஸ்தாதின் பெயர் வாயில் வரும்போது அவருடைய கை எழுந்து காது மடலைத் தொட்டுவிட்டு இறங்கும். ஒரு நொடிகூட ஆகாது, கவனிக்காவிட்டால் தவறிப்போகும். 'உங்கள் பெயரைச் சொல்லும் தகுதி எனக்கில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்பது அதன் பொருள். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடும்போது நாமும் காதைப் பிடித்துக்கொள்கிறோமே, கிட்டத்தட்ட அதே பணிவுதான்.

அந்தக் கை எந்தப் பெயருக்காக எழுகிறது என்பதை வைத்தே அவர் எந்தக் கரானா என்று தெரிந்துவிடும். இந்துஸ்தானி இசையைப் புதிதாகக் கேட்க வருபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சொல் இது. 'கர்' என்றால் இந்தியில் வீடு. அதிலிருந்து பிறந்தது கரானா. வீடு என்ற பொருளை விடாமல் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ஒரு வீட்டில் பிறந்தவர்கள் இருப்பார்கள், வந்து சேர்ந்தவர்கள் இருப்பார்கள். அந்த வீட்டுக்கென்று ஒரு கைப்பக்குவமும் இருக்கும். கரானாவிலும் இந்த மூன்றும் உண்டு: ரத்த வழி, சீட வழி, அப்புறம் வாசிக்கும் முறை. வாசிக்கும் முறையை 'பாஜ்' என்பார்கள். நாம் 'பாணி' என்று சொல்கிறோமே, அதற்கு அருகில் வரும் சொல். ஒரு முறை குறைந்தது மூன்று தலைமுறையாவது கைமாறி நின்றால்தான் அதைக் கரானா என்று ஒப்புக்கொள்வார்கள்.

வெளியிலிருந்து ஒருவர் வீட்டுக்குள் நுழைய ஒரு சடங்கு இருக்கிறது. அதற்கு 'கண்டா பந்தன்' என்று பெயர். குரு சீடரின் மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டுவார், வெல்லமும் கொண்டைக்கடலையும் வாயில் ஊட்டுவார். சீடர் காணிக்கை வைத்து வணங்குவார். அன்று முதல் அவர் 'ஷாகிர்த்', அதாவது அந்த வீட்டுப் பிள்ளை. கூடியிருக்கும் மற்ற வித்வான்கள் அதற்குச் சாட்சி. இந்த மரபில் தாளில் எழுதித் தரும் சான்றிதழை விட அந்தக் கயிற்றுக்குத்தான் மதிப்பு.

சிதாருக்கு முன்னால் வீணை

வட இந்திய வாத்திய மரபில் யாருடைய கொடிவழியைப் பிடித்துக்கொண்டு மேலே போனாலும் கடைசியில் தான்சேனிடம் வந்து நிற்கும். அக்பர் அவையின் பாடகர் அவர். அவருடைய வழிவந்தவர்களை 'சேனியா' என்பார்கள். மகன் வழியில் வந்தவர்கள் ரபாப் என்ற தந்தி வாத்தியம் வாசித்தார்கள், மகள் வழியில் வந்தவர்கள் ருத்ரவீணை வாசித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ருத்ரவீணை நம் சரஸ்வதி வீணை அல்ல. ஒரு நீண்ட குழாயின் கீழே இரண்டு பெரிய சுரைக்குடுக்கைகள் தொங்கும் வாத்தியம் அது. வடக்கே அதை 'பீன்' என்பார்கள்.

சிதார் இவற்றோடு ஒப்பிட்டால் இளைய வாத்தியம். 13ஆம் நூற்றாண்டில் பிறந்த அமீர் குஸ்ரு அதைக் கண்டுபிடித்தார் என்று இன்றும் பல இடங்களில் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. 18ஆம் நூற்றாண்டுத் தில்லியில்தான் சிதார் என்ற பெயர் தெளிவாகக் கண்ணில் படுகிறது. பீன் வாசித்த சேனியாக்கள் அந்த வாத்தியத்தைத் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த மாணவர்களுக்குச் சிதாரும், அதன் பெரிய உடல் கொண்ட சகோதரியான சுர்பஹாரும் கற்றுத்தந்தார்கள். இப்படி வீட்டுக்கு வெளியே கொடுக்கப்பட்ட வாத்தியம்தான் பின்னாளில் உலகம் முழுக்கப் போனது. பீன் வாசிப்பவர்களை இன்று தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

சிதாருக்கென்று தனி இலக்கணம் செய்த முதல் பெரிய பெயர் மசீத் கான், தில்லிக்காரர். அவர் பெயரில் வழங்கும் 'மசீத்கானி கத்' இன்றும் தொடக்க மாணவர்களுக்குப் பாடம். 'கத்' என்றால் தபலாவோடு சேர்ந்து வாசிக்கும் உருப்படி. ஆள்காட்டி விரலில் 'மிஸ்ராப்' என்ற கம்பி நகத்தை மாட்டிக்கொண்டு உள்பக்கமாக மீட்டினால் தா, வெளிப்பக்கமாக மீட்டினால் ரா, இரண்டையும் ஒரே மாத்திரைக்குள் விரைவாக மீட்டினால் திர். மசீத்கானி கத்தின் மீட்டு வரிசை இதுதான்:

திர் தா திர் தா ரா தா தா ரா

எட்டு மாத்திரை. இதையே இரண்டு முறை வாசித்தால் தீன்தாலின் 16 மாத்திரைகள் நிரம்பிவிடும். ஆனால் தொடங்குவது முதல் மாத்திரையில் அல்ல, 12ஆவது மாத்திரையில். மேலே உள்ள வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஐந்து சொற்கள் ஓடி முடிந்ததும் ஆறாவதாக வரும் 'தா' தான் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் மாத்திரையில் விழும். அந்த இடத்தில் தபலா வந்து சேரும். சிதாரைப் பிடித்த முதல் மாதத்தில் ஒரு மாணவர் வாசிக்கும் இந்த எட்டுச் சொல் 200 ஆண்டுக்கு மேலாக ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்தது. பரம்பரை என்பதைத் தொட்டுக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இட்டாவா வீடு

இன்றைக்கு நாம் கேட்கும் சிதார் பெரும்பாலும் இரண்டு வீடுகளிலிருந்து வருகிறது. ஒன்று இம்தாத்கானி, இட்டாவா கரானா என்றும் அதைச் சொல்வார்கள். இட்டாவா உத்தரப் பிரதேசத்தில் உள்ள ஊர். இம்தாத் கான் (1848–1920) பெயரில் வழங்குகிறது இந்த வீடு. அவர் மகன் இனாயத் கான், அவர் மகன் விலாயத் கான் (1928–2004), அவர் மகன் ஷுஜாத் கான். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு என்று நேராக இறங்கும் கோடு. பக்கத்தில் கிளைகளும் உண்டு. இனாயத்தின் தம்பி வாஹித் கான், அவருடைய பேரன் ஷாஹித் பர்வேஸ், விலாயத்தின் தம்பியும் சுர்பஹார் மேதையுமான இம்ரத் கான்.

இந்த வீட்டில் கேட்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. முதன்முதலாக இசைத்தட்டில் பதிவான சிதார் கலைஞர்களில் இம்தாத் கானும் ஒருவர். அதனால் தாத்தா, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று நான்கு தலைமுறையின் கையை இன்று ஒரே மாலையில் உட்கார்ந்து கேட்டுவிடலாம். பழைய தட்டுகளில் கரகரப்பு அதிகம், மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்தும்விடும். இருந்தாலும் இழைகளைப் பிடித்துவிடலாம்.

1938

கோடு நேராக இறங்குகிறது என்று சொன்னேன். உண்மையில் 1938இல் அது அறுந்தது. இனாயத் கான் நடுவயதிலேயே காலமானார். விலாயத்துக்கு அப்போது 10 வயது. எட்டு வயது வாக்கிலேயே இசைத்தட்டு கொடுத்த பிள்ளை, ஆனால் பாடம் பாதியில் நின்றது. சிறுவன் வீட்டை விட்டுத் தில்லிக்குப் போய், வானொலி நிலையத்தில் இருந்தவர்களின் ஆதரவில் நாட்களைக் கழித்தான்.

அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டவர் அவருடைய தாய் பஷீரன் பேகம். அவர் பாட்டுக் குடும்பத்துப் பெண். அவருடைய தந்தை பந்தே ஹசன் கான் பாடகர். சித்தப்பா வாஹித் கான் சிதாரும் சுர்பஹாரும் சொல்லித்தர, தாயும் தாத்தாவும் பாட்டாகச் சொல்லித்தந்தார்கள். பையனுக்குப் பாடகனாகவே ஆகிவிடவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. தாய் தடுத்தார். உன் அப்பா வீட்டில் சிதார்தான், நீ பாடப் போனால் அந்த வீட்டுக்கு நான் துரோகம் செய்தவள் ஆவேன் என்றாராம். விலாயத் கானே பின்னாளில் சொன்ன செய்தி இது.

சரி, பாடக்கூடாது. ஆனால் உள்ளே இறங்கிய பாட்டு எங்கே போகும்? அது விரலுக்குப் போனது. விலாயத் கானின் வாசிப்பை 'காயகி அங்' என்கிறார்கள், அதாவது பாட்டு வழி. மெட்டின் (தண்டில் குறுக்காகக் கட்டிய உலோக வளைவு) மேல் தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, அதைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து ஐந்து ஸ்வரங்கள் வரை அந்த ஒரே மீட்டிலேயே கொண்டுவருவார். பாடகர் ஒரு மூச்சில் பாடும் நீளம் அது. இந்த இழுப்புக்குப் பெயர் 'மீண்ட்'. இதற்காக வாத்தியத்தையே மாற்றினார். இழுவையைத் தாங்கும்படி மேல்பலகையை உறுதியாக்கினார். அடிநாதமாக இருந்த தடித்த மந்தரத் தந்திகளை எடுத்துவிட்டு, காந்தாரத்துக்கு ஒரு தந்தி சேர்த்தார். 'ஜவாரி', அதாவது தந்தி உட்காரும் குதிரையின் மேற்பரப்பு, அதையும் இரைச்சல் குறைந்து உருண்டையான நாதம் வரும்படி இழைக்கச் செய்தார். இம்தாத் கான் காலத்திலேயே பாட்டின் சாயல் இருந்ததுதான். ஆனால் அப்பா உயிரோடு இருந்து பாடத்தை முழுதாக முடித்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். கொடிவழிப் படங்களில் பஷீரன் பேகத்தின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

அதே 1938இல் இன்னொரு இளைஞன் ஒரு குருவின் வாசலில் போய் நின்றான். பெயர் ரவிசங்கர், வயது 18. அண்ணன் உதயசங்கரின் நடனக் குழுவோடு ஐரோப்பா முழுக்கச் சுற்றியவன், பாரிஸில் வளர்ந்தவன். அதற்கு முன்பே இனாயத் கானிடம் சீடராகச் சேர ஏற்பாடாகி, அந்த நேரம் பார்த்து டைபாய்டு வந்து படுத்துவிட்டதாக ரவிசங்கர் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் அவர் இட்டாவா வீட்டுப் பிள்ளையாகியிருப்பார். 20ஆம் நூற்றாண்டுச் சிதாரின் கதையே வேறாக இருந்திருக்கும்.

மைஹர் வீடு

மைஹர் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள சிற்றூர். மலைமேல் சாரதா தேவி கோயில் இருக்கிறது. அந்த ஊர் ராஜாவின் அவை வித்வான் அலாவுதீன் கான். எல்லோருக்கும் அவர் 'பாபா'. இன்றைய வங்கதேசத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர், ஐந்து வேளை தொழும் முஸ்லிம், சாரதா தேவியின் பக்தரும்கூட. அவர் இருந்த வரை இதில் யாருக்கும் முரண் தெரியவில்லை.

பாபா எந்தக் கரானாவிலும் பிறக்கவில்லை. சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடி, கல்கத்தாவில் கிடைத்ததையெல்லாம் கற்று, கடைசியில் ராம்பூர் அவையில் இருந்த வஜீர் கானைத் தேடிப் போனார். வஜீர் கான் தான்சேனின் மகள் வழிவந்த பீன் வித்வான். கதவு திறக்கவில்லை. நவாபின் வண்டிக்கு முன்னால் போய் விழுந்துதான் அறிமுகம் கிடைத்தது என்று பாபாவே சொல்வாராம். சீடராக ஏற்ற பிறகும் நீண்ட நாள் எடுபிடி வேலைதான், பாடம் இல்லை. ஒருவழியாகப் பாடம் தொடங்கியபோதும் பீனைக் கையில் தரவில்லை, அது குடும்பச் சொத்து. பீன் இசையின் உள்ளடக்கம் முழுவதும் சரோட் என்ற தந்தி வாத்தியத்தின் வழியாக வந்தது. பிறவியால் வராத ஒருவர் இப்படித்தான் தான்சேன் பரம்பரையின் ஒரு கிளைக்குத் தலைவரானார்.

எல்லோரிடமிருந்தும் கற்றதால் பாபா எல்லா வாத்தியத்துக்கும் கற்றுத்தந்தார். அதனால் மைஹர் சிதாருக்கு மட்டுமான வீடு அல்ல. மகன் அலி அக்பர் கானுக்குச் சரோட், மகள் அன்னபூர்ணா தேவிக்குச் சுர்பஹார், பன்னாலால் கோஷுக்குப் புல்லாங்குழல், ரவிசங்கருக்கும் நிகில் பானர்ஜிக்கும் சிதார். ஊரில் அநாதைகளாகிப் போன பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வாத்தியக் குழுவும் அமைத்தார். துப்பாக்கிக் குழல்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, தட்டி வாசிக்கும் ஒரு வாத்தியம்கூட அந்தக் குழுவுக்காகச் செய்தார். அதன் பெயர் நளதரங்.

பாபா கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பைப் பெருமையாகச் சொல்வது வழக்கம், எனக்கு அதில் உடன்பாடில்லை. சொந்த மகன் அலி அக்பரை மரத்தில் கட்டி அடித்ததாக ரவிசங்கர் எழுதியிருக்கிறார். அவரிடமும் ஒருநாள் "போய் வளையல் வாங்கி மாட்டிக்கொள்" என்று பாபா சீற, ரவிசங்கர் பெட்டியைக் கட்டிவிட்டார். உன்மேல் மட்டும்தான் அவர் இதுவரை கைவைத்ததில்லை என்று சொல்லி அலி அக்பர் அவரைத் தடுத்தாராம். நிகில் பானர்ஜி மைஹரில் காலை நான்கு மணிக்கு உட்கார்ந்தால் சிறு இடைவெளிகளோடு இரவு 11 வரை சாதகம் செய்தார். அந்த உழைப்பு உண்மை. அடிக்காமலும் அது வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பாபாவிடம் உண்மையாக வியக்கவேண்டியது வேறு. ஒரே வாத்தியம் வாசித்த இரண்டு சீடர்களுக்கு அவர் ஒரே பாடத்தைத் தரவில்லை. ரவிசங்கரின் வாசிப்பில் பீனின் மந்தர கம்பீரமும் லயக் கணக்கும் தூக்கலாக இருக்கும். நிகில் பானர்ஜியின் வாசிப்பு நீளமாகவும் தனிமையாகவும் ஓடும், இழுப்பில் விலாயத் கானுக்கு அருகில்கூட வரும். ஆளின் இயல்பைப் பார்த்துப் பாடம் பிரித்துக் கொடுத்திருக்கிறார். கரானா என்றால் அச்சில் வார்ப்பது என்று நினைப்பவர்கள் இவர்கள் இருவரையும் அடுத்தடுத்துக் கேட்கவேண்டும்.

லயக் கணக்கு என்றதும் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றைச் சொல்லவேண்டும். ரவிசங்கருக்குக் கர்நாடக சங்கீதத்தில் ஆழ்ந்த ஈடுபாடு. கீரவாணி, சாருகேசி, வாசஸ்பதி, சிம்மேந்திரமத்யமம் எல்லாம் சிதாரில் ஒலிக்க அவர் பெரிய காரணம். தீன்தாலைத் தாண்டி ஏழு, பத்து மாத்திரைத் தாளங்களில் அவர் விரும்பி வாசித்ததிலும், தபலாவுக்குத் தனி இடம் கொடுத்ததிலும் நம் தனியாவர்த்தனத்தின் சாயலை உணரலாம்.

கதவுக்குப் பின்னால் ஒரு குரு

அன்னபூர்ணா தேவிக்கு (1927–2018) முதலில் பாடமே இல்லை. மூத்த மகளுக்கு இசையால் புகுந்த வீட்டில் துன்பம் வந்ததால், இளைய பெண்ணுக்குக் கற்றுத்தருவதில்லை என்று பாபா முடிவு செய்திருந்தார். ஒருநாள் அண்ணன் தவறாக வாசிக்க, விளையாடிக்கொண்டிருந்த சிறுமி, "பாபா இப்படிச் சொல்லித்தரவில்லையே" என்று சரியாகப் பாடிக் காட்டியிருக்கிறாள். பின்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த பாபா அன்றே பாடத்தைத் தொடங்கினார்.

1941இல் ரவிசங்கருக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது, பிறகு பிரிந்தார்கள். 1950களுக்குப் பிறகு அன்னபூர்ணா தேவி மேடையேறவே இல்லை. மும்பையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பல பத்தாண்டுகள் கற்றுத்தந்தார். பெரும்பாலும் வாத்தியத்தைத் தொடாமல், பாடியே. நிகில் பானர்ஜி பாபாவுக்குப் பின் அவரிடம் பாடம் கேட்டார். ஹரிபிரசாத் சௌராசியா அவரிடம் வந்தபோது ஏற்கெனவே பெயர் பெற்ற புல்லாங்குழல் கலைஞர். கற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கத் தயார் என்று காட்ட, குழலை வலப்பக்கமாகப் பிடித்து வந்தவர் இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். சுர்பஹார் வாசிப்பவர் பாடிக் காட்ட, குழல் வாசிப்பவர் கற்றார். வாத்தியம் மாறியும் வீடு மாறவில்லை.

மற்ற வீடுகளும் உண்டு. ஜெய்ப்பூர் சேனியா வழி மிகப் பழையது. முஷ்தாக் அலி கானும் அவருடைய சீடர் தேபு சௌத்ரியும் அந்த வழி. 17 மெட்டுகள் மட்டுமே உள்ள பழைய சிதாரை தேபு சௌத்ரி கடைசி வரை விடவில்லை. அப்துல் ஹலீம் ஜாபர் கான் தனக்கென்று 'ஜாபர்கானி பாஜ்' என்ற முறையை வகுத்தார். இவற்றை இரண்டாம் சுற்றில் கேட்கலாம்.

எப்படிக் கேட்பது

முதலில் ஒரே ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யமன் போதும், நம் கல்யாணிக்கு அருகில் வருவதால் காது சீக்கிரம் பழகிவிடும். ரவிசங்கர் வாசித்தது ஒன்று, விலாயத் கான் வாசித்தது ஒன்று. தபலா சேரும் வரைக்கும், அதாவது ஆலாப் மட்டும் கேளுங்கள்.

ரவிசங்கரிடம் கீழே, மிகக் கீழே இறங்கும் தடித்த தந்தியின் அதிர்வைக் கவனியுங்கள். பீனிலிருந்து வந்தது அது. அலாவுதீன் கானுக்கு வஜீர் கான் கையில் தராத வாத்தியம், சீடரின் சிதாருக்குள் இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறது. விலாயத் கானிடம் அந்த ஆழத்தைத் தேடாதீர்கள், அவரிடம் அந்தத் தந்தியே இல்லை. ஒரே மீட்டில் எத்தனை ஸ்வரம் வருகிறது என்று எண்ணுங்கள். சில இடங்களில் வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்த வரியைப் பாடியும் காட்டுவார், பிறகு அதையே சிதாரில் எடுப்பார். அவர் பாடும் இடம் வந்தால் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். தில்லியிலிருந்து திரும்பி வந்த பையனுக்கு அம்மா சொல்லிக்கொடுத்த பாட்டு அது.